ஞாயிறு பத்து மணிப் பராமரிப்பு

சோப்புத் தொழிற்சாலையில் அவருக்கு ‘ஷட்டவுன்’ என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் வந்துபோகும். வாயிற்காவலரிலிருந்து மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் ஷட்டவுன்தான். மரியாதை கொஞ்சம் தூக்கலாக இருப்பவர்கள் ‘ஷட்டவுன் சார்’ என்பார்கள். பட்டப்பெயர் வைக்கிற விஷயத்தில் தொழிற்சாலைக்காரர்கள் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை, காரணமில்லாமல் வைப்பதும் இல்லை. எந்த இயந்திரத்தை எந்தக் கிழமை நிறுத்துவது, எதைக் கழற்றித் துடைப்பது, எதற்கு எண்ணெய் விடுவது, எப்போது மறுபடி ஓடவிடுவது என்று முன்கூட்டியே திட்டம் போடுவதுதான் அவர் வேலை. சோப்பு செய்கிறவர்கள் வேறு. சோப்பு செய்வதை நிறுத்தச் சொல்கிறவர் இவர்.

இந்த மாதிரி வேலையில் இருப்பவரை யாருக்கும் பிடிக்காது. உற்பத்திப் பிரிவுப் பொறுப்பாளர் மாதம் தவறாமல் அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்று கெஞ்சுவார். “சார், இந்த வாரம் மட்டும் விட்டுடுங்க. ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு.”

“மிஷின் படுத்துட்டா ஆர்டர் எங்க கெடக்கும்?” என்பார் இவர். தலையைக்கூடத் தூக்கமாட்டார்.

குறித்த நேரத்தில் போய் இயந்திரத்தின் விசையை அணைத்து, அதில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிடுவார். ‘பராமரிப்பு நடக்கிறது, தொடாதே’ என்று அதில் அச்சடித்திருக்கும். கட்டியவர்தான் அதை அவிழ்க்க வேண்டும். முதலாளியே வந்தாலும் வேறொருவர் கை வைக்கக் கூடாது. இது வெறும் கெடுபிடி இல்லை. இயந்திரத்துக்குள்ளே யாருடைய கை இருக்கிறது என்று வெளியே விசைக்குப் பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. அவர் பொறுப்பில் இருந்த காலத்தில் அங்கே ஒருவர் விரல்கூட நசுங்கியதில்லை. அந்தப் பெருமை அவருக்கு உண்டு, இருக்க வேண்டியதும்தான்.

வீட்டிலும் மனிதர் அப்படியே. தண்ணீர் வடிகட்டிக்கு ஒரு நாள், மின்விசிறி இறக்கைக்கு ஒரு நாள், கதவுக் கீலுக்கு எண்ணெய் விட ஒரு நாள். “வீட்டுல எல்லாத்துக்கும் சர்வீஸ் தேதி குறிச்சாச்சு, எனக்குத்தான் இன்னும் குறிக்கல” என்று மனைவி வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கூடத்து மூலையில் ஜன்னலுக்குக் கீழே இருந்த கணினியும் இந்த ஒழுங்குக்குத் தப்பவில்லை. மகள் படிப்பதற்காக வாங்கியது அது. மகள் கல்யாணமாகிப் போன பிறகு இவர்களோடு தங்கிவிட்டது.

கணினிக்கும் பராமரிப்பு உண்டு, அதையும் ஒருமுறை சொல்லிவைத்துவிட்டால் அதுவே நேரம் பார்த்துச் செய்துகொள்ளும் என்று தெரிந்த நாளில் அவர் குழந்தை மாதிரி குதூகலப்பட்டார். வைரஸ் இருக்கிறதா என்று தேடுவது, வேண்டாத கோப்புகளைக் கூட்டித் தள்ளுவது, ஹார்ட் டிஸ்க்கைச் சோதிப்பது, புகைப்படங்களை வெளியே செருகிய பெட்டிக்குள் பிரதி எடுத்துவைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் கிழமையும் நேரமும் கொடுத்தார். எல்லாம் வார நாளில், மதியத்தில். அவர் தொழிற்சாலையில் இருப்பார், மனைவி தையல் கடையில் இருப்பார், வீட்டில் ஆள் இருக்காது. ‘கணினி சும்மா இருக்கும்போது மட்டும் தொடங்கு’ என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதிலும் மறக்காமல் டிக் போட்டார். யாருக்கும் இடைஞ்சல் இல்லாத நேரத்தில் செய்வதுதான் நல்ல பராமரிப்பு என்பது அவர் தொழில் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். அந்தப் பாடத்தைத் தன் கையாலேயே அவர் புரட்டிப் போட்ட கதைதான் இது.

அவருக்கு ஒரு அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அந்த வேலைக்காகவே கடல் தாண்டிப் போய், அங்கேயே குடும்பத்தோடு தங்கிவிட்டார். இங்கே காலை என்றால் அங்கே சாயங்காலம். வருடக்கணக்கில் இரும்பு மோதும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அண்ணனுக்குக் காது பாதி போய்விட்டது. தொலைபேசியில் பேசினால் பாதி புரியாமல் “என்னது? என்னது?” என்று கத்திக்கொண்டே இருப்பார். கணினி என்றால் அந்தத் தொல்லை இல்லை. காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தம்பியின் உதட்டசைவைப் பெரிய திரையில் பார்த்துக்கொண்டே பேசினால் எல்லாம் விளங்கும். கைப்பேசியில் காட்டினால், “மூஞ்சி தீப்பெட்டி அளவு இருக்கு, எதப் பாத்து நான் பேசுறது?” என்பார். ஆக, ஞாயிற்றுக்கிழமை பத்து மணி என்பது அண்ணன் தம்பி இருவருக்கும் உரிய நேரம். இந்தப் பக்கம் ஜன்னல் வெயில், அந்தப் பக்கம் மேசை விளக்கு.

அப்படி என்ன பேசினார்கள் என்று கேட்டால் ஒன்றும் இல்லை. மழையா வெயிலா, முட்டி வலி எப்படி, சோப்பு வாசனை இன்னும் சட்டையில் அடிக்கிறதா. அண்ணனுக்கு எதையும் காட்ட வேண்டும். புதுச் செருப்பைத் தூக்கிக் காட்டுவார், தொட்டியில் காய்த்த தக்காளியைக் காட்டுவார். பல் பிடுங்கிக்கொண்ட வாரம் வாயைத் திறந்து கேமராவுக்குள்ளேயே நுழைத்துவிட்டார். தம்பி சிரித்து இரும, மனைவி அடுக்களையிலிருந்து ஓடிவந்து பார்த்து அவரும் சிரித்தார்.

மகள் கல்யாண வரவேற்புக்கு அண்ணன் குடும்பத்தோடு வந்தார். காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியாது. சம்பந்தியோடும் அவர் பக்கத்து மனிதர்களோடும் தம்பி நின்று பேசிக்கொண்டிருந்தபோது, அண்ணன் வந்து தோளில் கையைப் போட்டார். மண்டபமே கேட்கிற மாதிரி சொன்னார்.

“நாங்க அண்ணன் தம்பி ரெண்டு பேருமே மிஷின்காரங்கதான் சம்பந்தி. நான் ஓட்டுறவன், இவன் நிறுத்துறவன்! ஓடுறத நிறுத்துறதுக்கும் ஒரு சம்பளம் குடுக்குறாங்க பாருங்க!”

சம்பந்தி சிரித்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தார். அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு வரவேற்பு முடியும் வரை ஒட்டிக்கொண்டிருந்தது, உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வாழ்நாளெல்லாம் வேலையிடத்தில் கேட்டுக் கேட்டுப் புழுங்கியது அந்தப் பேச்சைத்தான்: இவன் வேலையே நிறுத்துவது. அதைத் தன் அண்ணன் வாயால், பெண் கொடுத்த இடத்தில், எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டியிருந்தது.

மனைவியிடம்தான் சொன்னார். மனைவி நம்பாமல் பார்த்தார். “இதுக்கா? உங்க அண்ணன் பேச்சு தெரிஞ்சதுதானே? ஆசையாத்தான சொன்னாரு.”

“உனக்குப் புரியாது” என்றார். ஆண்கள் இந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அவர்களுக்கே எதுவும் புரியாது என்று அர்த்தம்.

கோபம் வந்தால் கத்தித் தீர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அண்ணனிடம் ஒரு வார்த்தை, “ஏண்ணே அப்படிச் சொன்ன?” என்று கேட்டிருந்தால், அந்த மனிதர் அங்கேயே காதைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருப்பார். இவர் கேட்கவில்லை. இவர் அட்டவணைக்காரர். அண்ணன் ஊர் திரும்பிய வாரம் கணினி முன் உட்கார்ந்து, வார நாளில் இருந்த பராமரிப்பை எல்லாம் எடுத்து ஞாயிறு காலை பத்து மணிக்கு வைத்தார். வைரஸ் தேடுதல் சுருக்கமாக நடந்துகொண்டிருந்தது; அதை முழுத் தேடலாக மாற்றினார். அது முடிந்ததும் பிரதி எடுப்பது, அது முடிந்ததும் ஹார்ட் டிஸ்க் சோதனை என்று ஒன்றின் வாலில் ஒன்றைக் கட்டினார். ‘கணினி சும்மா இருக்கும்போது மட்டும்’ என்ற கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தார். அன்றைக்கு அவர் கை கொஞ்சமாவது நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நடுங்கவில்லை.

இத்தனையும் நடக்கும்போதும் கணினியில் பேச முடியும் என்பது அவருக்குத் தெரியும். கொஞ்சம் திணறும், அவ்வளவுதான். அதனால் தொழிற்சாலையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையைக் கொண்டுவந்து, ஞாயிறு காலையில் கணினித் திரையின் மேல் தொங்கவிட்டார். அந்த அட்டைக்கு அவர் வீட்டில் எவ்வளவு மரியாதை என்றும் அவருக்குத் தெரியும்.

பத்து மணி ஆனது. மனைவியின் கைப்பேசி அடித்தது. அண்ணன்தான்.

“அவர் கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றாரு!” என்று மனைவி கத்தினார். “சர்வீஸ்! ஆமா! தொடக்கூடாதாம்!”

“சர்வீஸா? பண்ணட்டும், பண்ணட்டும்!” அந்தக் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. “அவன் ஒழுங்கு யாருக்கு வரும்! அடுத்த வாரம் பேசிக்கிறேன்!”

அடுத்த வாரமும் சர்வீஸ். அதற்கடுத்த வாரமும். மனைவி ஒருநாள் கையில் துடைப்பத்தோடு அவர் முன்னால் வந்து நின்றார். “எனக்கு ஒண்ணு வெளங்கல. அந்த மிஷினுக்கு ஞாயித்துக்கெழம மட்டும்தான் ஒடம்பு சரியில்லாம போகுமா?”

“பராமரிப்புன்னா ஒரு நேரம் வேணும்.”

“அதான் கேக்குறேன். அந்த நேரம்தான் வேணுமா?”

அவர் செய்தித்தாளைத் திருப்பினார். திரையில் ஒரு பச்சைப் பட்டை ஆமை வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது.

சில மாதம் கழித்து அண்ணன் மகள் கூப்பிட்டாள். அங்கேயே பிறந்து வளர்ந்தவள், சித்தப்பா என்றால் உயிர். “சித்தப்பா, அப்பா கேக்கச் சொன்னாரு. கம்ப்யூட்டருக்கு நீங்க என்னென்ன பண்றீங்க? இங்கேயும் அதே மாதிரி பண்ணணுமாம். ஒண்ணு விடாம சொல்லுங்க.”

சொன்னார். தொழில் என்று வந்துவிட்டால் அவருக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். முழுத் தேடல் எதற்கு, பிரதி எடுக்கும் பெட்டியைக் கழற்றுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும், எதை அழிக்கலாம், எதைத் தப்பித் தவறியும் தொடக்கூடாது. அவள் இடையிடையே “ஒரு நிமிஷம் சித்தப்பா, அப்பாகிட்ட சொல்லிக்கிறேன்” என்று உரக்கத் திருப்பிச் சொன்னாள். பின்னால் அண்ணன் “ஆங், ஆங்” என்பது கேட்டது. கடைசியில் அவள், “எப்ப வைக்கிறீங்க?” என்று கேட்டாள்.

“ஞாயித்துக்கெழம. பத்து மணிக்கு.” பொய் ஒன்றும் இல்லையே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அண்ணனிடம் பேசக் கொடுக்கவா என்று அவள் கேட்பதற்குள், ஆலையிலிருந்து அழைப்பு வருகிறது என்று வைத்துவிட்டார். அதுதான் பொய்.

ஒரு ஞாயிறு அவர் முடி வெட்டிக்கொள்ளப் போனார். கடையில் கூட்டம். காத்திருக்கப் பிடிக்காமல் சீக்கிரமே திரும்பினார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கூடத்தில் அண்ணன் குரல் கேட்டது. மனைவி சிவப்பு அட்டையை அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். திரை முழுக்க அண்ணன் முகம். கொஞ்சம் இளைத்திருந்தார். ஹெட்போனுக்கு மேலே நரைத்த முடி கலைந்து கிடந்தது.

“எங்க அவன்? உள்ளயா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார் அண்ணன்.

மனைவி தலையைத் திருப்பினார். வாசலில் ஒரு காலில் செருப்போடு நின்ற கணவரைப் பார்த்தார். வாங்க என்று கண்ணாலேயே கூப்பிட்டார். அந்த நாற்காலிக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கால்மிதி இருந்தது, வேறு எதுவும் இல்லை. அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று.

“முடி வெட்டப் போயிருக்காரு” என்றார் மனைவி.

“அட, அப்ப அவன் வர்றதுக்குள்ள வச்சிடும்மா. சர்வீஸ் நேரத்துல மிஷினத் தொட்டேன்னு உன்னப் போட்டுத் திட்டப் போறான். அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. எனக்கொண்ணும் அவசரமில்ல. முடிஞ்சப்ப பேசட்டும். அவன் நல்லாருக்கானா? அது போதும்.” கையை ஆட்டினார். திரை அணைந்தது.

மனைவி எழுந்து அட்டையை எடுத்துத் திரையில் மறுபடி மாட்டினார். அன்று முழுக்க அவர் கணவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பதற்கு அந்த வீட்டில் வேறு யாருக்கும் உரிமை இருந்ததில்லை. அன்று மனைவி அதை எடுத்துக்கொண்டார்.

அந்தக் காட்சி இவரை உறுத்தாமல் இல்லை. செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி வாரக்கணக்கில் குத்தியது. பேசிவிடலாம் என்றுதான் முடிவு செய்தார். ஆனால் மனிதர் எதைச் செய்தாலும் அதற்கு ஒரு தேதி வைக்காமல் செய்யமாட்டாரே! தொழிற்சாலையில் வருடாந்தரப் பராமரிப்பு வரப்போகிறது, கொதிகலன் முதல் உறை சுற்றும் இயந்திரம் வரை எல்லாவற்றையும் நிறுத்திப் பிரிக்கும் வாரம். தலைக்கு மேல் வேலை. அது முடியட்டும், மனம் லேசாகும், அடுத்த ஞாயிறு அட்டையைக் கழற்றிவிட்டு நாமே அண்ணனைக் கூப்பிடலாம், அவர் அசந்துபோவார். இப்படி நினைத்து, உடைந்த உறவுக்கு அவர் ஒரு பராமரிப்பு நாள் குறித்தார். குறித்ததும் பாதி வேலை முடிந்த மாதிரி நிம்மதியாகக்கூட இருந்தது. அண்ணன் பத்து மணிக்குக் கூப்பிடுவதை எப்போதோ நிறுத்தியிருந்தார் என்பதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வருடாந்தரப் பராமரிப்பின் நடுவில், கொதிகலனின் வாய் திறந்து கிடக்கும்போது மனைவி கூப்பிட்டார். அழுதுகொண்டே சொன்னார். அண்ணனுக்குப் பக்கவாதம். சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மருத்துவமனையில் இருக்கிறார். வலது பக்கம் அசையவில்லை.

உடனே ஓட வேண்டும் என்றிருந்தது. எங்கே ஓடுவது? கடல் நடுவில் கிடக்கிறது. கொதிகலனுக்குள்ளே ஆட்கள் இருந்தார்கள், விசைகளில் எல்லாம் அவருடைய அட்டைகள் தொங்கின. ஒவ்வொன்றாகப் போய்த் தன் அட்டையை அவிழ்த்து, பொறுப்பை இளநிலைப் பொறியாளரிடம் கொடுத்தார். அவர் தன் பெயர் போட்ட அட்டையைக் கட்டிக்கொண்டே வந்தார். உற்பத்திப் பொறுப்பாளர் பார்த்துவிட்டு, “என்ன ஷட்டவுன் சார், நீங்களே நிறுத்திட்டுக் கெளம்பிட்டீங்க?” என்று வழக்கம்போல் கிண்டலடித்தார். இவர் முகத்தைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தவர் சட்டைகூட மாற்றாமல் கணினியைத் திறந்தார். ஞாயிறு பத்து மணியில் இருந்த எல்லாவற்றையும் எடுத்தார், பழையபடி வார நாள் மதியத்துக்கு நகர்த்தினார். முழுத் தேடலைச் சுருக்கினார். எல்லாம் சேர்ந்து எவ்வளவு நேரம்தான் பிடிக்கும் என்று ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தார். மனைவி காய் நறுக்கி முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். மனைவி வந்து பார்த்துவிட்டு அடுக்களைக்குத் திரும்பினார். ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

வாரங்கள் போயின. அண்ணன் மகளின் குறுஞ்செய்திகளை மனைவி படித்துச் சொல்வார். கண் திறந்துவிட்டார். விழுங்குகிறார். உட்கார வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்துவிட்டார். விமானத்தில் போய்ப் பார்ப்பதற்கான விசா இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் ஒருநாள் அவள் எழுதியிருந்தாள்: ‘சித்தப்பா, இந்த ஞாயிறு கூப்பிடுங்க. உட்கார வச்சிருக்கேன்.’

பத்து மணிக்கு வெகு முன்பே அவர் தயார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். திரையில் முதலில் அண்ணன் மகள் முகம் வந்தது, அப்புறம் அவள் விலகினாள். மேசை விளக்கு வெளிச்சத்தில் அண்ணன். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. வலது கை மடியில் ஒரு துண்டின் மேல் கிடந்தது. ஹெட்போனை மாட்டியிருந்தார்கள்.

“அண்ணே” என்றார் தம்பி.

அண்ணனின் இடது கண் விரிந்தது. உதடு எதையோ தேடியது. அந்த நேரம் பார்த்து படம் திணறி, முகம் பாதியில் உறைந்து நின்றது.

“அய்யோ, ஒரு நிமிஷம் சித்தப்பா” என்று மகளின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. “சர்வீஸ் ஆரம்பிச்சிடுச்சு.”

“என்ன சர்வீஸ்?”

“நீங்க சொல்லிக் குடுத்ததுதான். உங்க பத்து மணி இங்க எத்தனைன்னு கணக்குப் போட்டு, அதே நேரத்துக்கு அப்பாதான் வைக்கச் சொன்னாரு. ஞாயித்துக்கெழம ஆனா போதும், முன்னாடி வந்து உக்காந்துடுவாரு. பச்சைக் கோடு நகர்றத பாத்துட்டே இருப்பாரு. எதுக்குப்பா இதுன்னு கேட்டா, ‘அங்க என் தம்பியும் இப்ப இதத்தான் பாத்துட்டு இருப்பான்’னு சொல்லுவாரு. எங்களுக்குச் சிரிப்பா இருக்கும்.” அவள் நிறுத்தினாள். “ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த பிறகும் அந்த நேரத்துக்குக் கைய நீட்டி நாற்காலியக் காட்டுறாரு சித்தப்பா. அதான் நிறுத்தாம விட்டிருந்தேன்.”

அவர் செய்தித்தாளைத் திருப்பிக்கொண்டிருந்த அத்தனை ஞாயிறும் அண்ணன் அங்கே உட்கார்ந்திருக்கிறார். இவர் விலக்கிவைக்கப் போட்ட நேரத்தை, அந்த மனிதர் சேர்ந்திருக்கும் நேரமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். வெட்கம் என்று சொன்னால் அது சின்ன வார்த்தை.

“நிறுத்திடும்மா” என்றார். “அத எடுத்துடு. இனிமே வேண்டாம்.”

அவள் ஏதோ அழுத்தினாள். படம் தெளிந்தது. அண்ணன் அதே இடத்தில், அதே பார்வையோடு இருந்தார்.

“அப்பாவுக்கு எல்லாம் புரியுது சித்தப்பா” என்றாள் மகள், கொஞ்சம் தாழ்ந்த குரலில். “பேச்சுதான் போயிடுச்சு. ஒரே ஒரு வார்த்தை மட்டும் வருது. பசிச்சாலும் அதான், வலிச்சாலும் அதான். டாக்டர் இதுக்கு மேல வர்றது கஷ்டம்னு சொல்லிட்டாரு. நீங்க பேசுங்க, நான் உள்ள போறேன்.”

அண்ணன் உதட்டைக் கூட்டினார். பெரும்பாடு பட்டு அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார்.

“அப்புறம்?”

தம்பி மழையைப் பற்றிச் சொன்னார். இந்த வருடம் சரியாகப் பெய்யவில்லை என்றார்.

“அப்புறம்?”

முட்டி வலியைச் சொன்னார். மகளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது என்றார். அண்ணனின் முகத்தில் நல்ல பாதி சிரித்தது. சிரித்துவிட்டுக் காத்திருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் அவருக்கு மனம் உடைந்தது.

“அண்ணே, கம்ப்யூட்டருக்கு அவ்வளவு வேலையெல்லாம் இல்லண்ணே” என்றார். அண்ணனுக்குத் தெரிய வேண்டுமென்று உதட்டை நன்றாகத் திறந்து, மெதுவாகச் சொன்னார். “நான் சும்மா சொன்னேன். உன்கூடப் பேசக்கூடாதுன்னு வேணும்னே அந்த நேரத்துல வச்சேன். அன்னிக்கு நீ இவகூடப் பேசிட்டு இருந்தப்ப, நான் வாசல்லதான் நின்னேன். முடி வெட்டப் போயிட்டு வந்துட்டேன். உள்ள வரல. கல்யாணத்துல நீ என்னைய நிறுத்துறவன்னு சொன்னியே, அதுக்கு. அவ்வளவுதாண்ணே காரணம். வேற ஒண்ணுமே இல்ல.”

சொல்லி முடித்துவிட்டார். அண்ணன் திட்டியிருக்கலாம், முகத்தைத் திருப்பியிருக்கலாம், அழுதிருக்கலாம். எதற்கும் அவர் மனதைத் தயார் செய்திருந்தார். அண்ணன் தம்பியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையைத் தூக்கி ஹெட்போனைக் காதோடு இன்னும் சரியாக அழுத்திக்கொண்டார்.

“அப்புறம்?” என்றார்.

தம்பி வாயைத் திறந்தார். சொல்வதற்கு ஒன்றும் இல்லை. இத்தனை காலத்தில் சேர்த்துவைக்க வேண்டிய பேச்சு எதையும் அவர் சேர்த்துவைக்கவில்லை. மனைவி பின்னால் வந்து அவர் தோளில் கை வைத்தார். “சொல்லுங்க, கேக்குறாருல்ல.”

“அப்புறம்… ஒண்ணுமில்லண்ணே” என்றார் அவர்.

இப்படிச் சொன்னால், சரி அப்ப வச்சிடட்டுமா என்று எதிர்ப்பக்கம் கேட்கும், பேச்சு முடியும். அந்த வார்த்தைகள் அண்ணனிடம் இப்போது இல்லை. அவர் கண்ணை எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.